மலைநாட்டுச் சிறைமுகாமும் தணிக்கைத் தபாலும்

கடிதம் என்பது இருவர்க்கு உரியது. எழுதுபவர் ஒருவர், பெறுபவர் ஒருவர். இடையிலே உறையைப் பிரித்துப் படிக்கும் உரிமை வேறெவர்க்கும் இல்லை என்பது தபாற் சேவையின் அடிப்படை விதி. போர் மூண்டதும் அந்த விதிதான் முதலிலே தளர்கின்றது. மேசைக்கு முன்னே ஓர் அலுவலர் அமர்கின்றார். அவருடைய கையிலே கத்தரிக்கோல் இருக்கின்றது. பக்கத்திலே இறப்பர் முத்திரையும் பசை தடவிய தாள்நாடாவும் இருக்கின்றன. தாய் மகனுக்கு எழுதியதையும் கணவன் மனைவிக்கு எழுதியதையும் அவர் படித்துப் பார்த்து, வேண்டாதவற்றை வெட்டியெறிந்து, உறையை மீண்டும் ஒட்டி, "தணிக்கை செய்யப்பட்டது" என்று குத்தி அனுப்பிவிடுகின்றார். அவ்வாறு குத்தப்பட்ட உறைகளைத் தேடித் திரட்டுவோர் உலகெங்கும் உளர். அவர்கள் விரும்பித் தேடும் ஊர்ப் பெயர்களுள் நம்முடைய மலைநாட்டு ஊரொன்றும் உண்டு. அதுவே தியத்தலாவை.

முத்திரை சேகரிக்கும் சிறுவன் உறையின் மூலையைக் கத்தரித்து, நீரில் ஊறவைத்து, முத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் குப்பையிலே போடுகின்றான். தபால் வரலாறு பயில்பவர்க்கோ அந்த மிச்சமே செல்வம். உறையின் முகப்பிலே புறப்பட்ட கந்தோரின் பெயரும் நாளும் இருக்கும். பின்புறத்திலே இடைவழிக் கந்தோரும் சேர்ந்த கந்தோரும் குத்திய அடையாளங்கள் இருக்கும். இரண்டு நாள்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைக் கணக்கிட்டால், அக்கடிதம் எங்கே எத்தனை நாள் தேங்கிக் கிடந்தது என்பது தெரிந்துவிடும். தணிக்கையாளரின் எண்ணும், கிழித்த விளிம்பை மூடிய தாள்நாடாவும் எஞ்சிய கதையைச் சொல்லும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவிலே வழங்கிய அந்த நாடாவுக்கு 'பி.சி. 90' என்பது படிவ எண். முதலில் அதிலே "தணிக்கையாளரால் திறக்கப்பட்டது" என்று அச்சிட்டார்கள். பின்னர் "பரிசோதகரால் திறக்கப்பட்டது" என்று மாற்றினார்கள். சொல் மென்மையாயிற்று, கத்தரிக்கோல் முன்போலவே வெட்டியது.

தியத்தலாவையின் கதை 1900ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. தென்னாபிரிக்காவிலே பிரித்தானியருக்கும் போயர் எனப்பட்ட ஒல்லாந்த வழிக் குடியானவருக்கும் இடையே போர் நடந்துகொண்டிருந்தது. பிடிபட்ட போயர்களை அந்நாட்டிலேயே வைத்துக் காப்பது கடினமாயிற்று. ஆதலின் அவர்களைக் கப்பலேற்றிச் சென் எலேனாத் தீவுக்கும் பெர்முடாவுக்கும் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். தமிழகத்திலே திருச்சிராப்பள்ளியிலும் நீலகிரியைச் சேர்ந்த கேத்தியிலும் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. இலங்கைக்கு முதற் கூட்டம் 1900 ஆகஸ்டு மாதத்திலே வந்து இறங்கியது. மொத்தத்திலே ஏறக்குறைய 5,000 பேர் இங்கே வைக்கப்பட்டனர்.

அவர்களுக்குத் தியத்தலாவையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம், குளிர்ந்த காற்று, சுற்றிலும் மரமற்ற புற்றரை. ஓடுபவன் ஒளிய இடமில்லை. உள்ளே வருவதற்கு ஒரேயொரு புகையிரதப் பாதை. அப்பாதை 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் எட்டியிருந்தது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகத் தோட்டத் துரைமார் வற்புறுத்திக் கேட்டுப் பெற்ற அந்தப் பாதை, ஆறே ஆண்டுகளுக்குள் போர்க் கைதிகளை ஏற்றிச் சென்றது. நாவலப்பிட்டியையும் அட்டனையும் தலவாக்கொல்லையையும் கடந்து அவர்கள் வந்த வழி முழுவதும் தேயிலை மலைகள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோர் நிமிர்ந்து பார்த்திருப்பர் என்று ஊகிக்கலாம். தாடி வளர்த்த வெள்ளையரை வேறு வெள்ளையர் துப்பாக்கியோடு காவல் செய்து கொண்டுபோகும் காட்சி அதற்கு முன் இம்மலைகளிலே காணாத ஒன்று.

தகரக் கூரைக் கொட்டகைகளும் அவற்றைச் சூழ்ந்த முட்கம்பியும் சேர்ந்து ஒரு சிறு நகரமாயின. கைதிகள் தங்களுக்கென்று பத்திரிகையும் நடத்தினார்கள். அவற்றுள் ஒன்றின் பெயர் 'பிரிக்கல்திராத்'. ஒல்லாந்த மொழியிலே முட்கம்பி என்று பொருள். காய்ச்சல் பரவிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் இங்கேயே மாண்டு தியத்தலாவை மண்ணிலே அடக்கமாயினர்.

அவர்களுக்கு வெளியுலகத்தோடு எஞ்சியிருந்த ஒரே தொடர்பு தபால். 1899ஆம் ஆண்டு ஹேக் நகரிலே கூடிய மாநாடு, போர்க் கைதிகளின் கடிதங்களைக் கட்டணமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும் என்று வகுத்திருந்தது. ஆனால் போயர் குடியரசுகள் இரண்டையும் அம்மாநாட்டுக்கு எவரும் அழைக்கவில்லை. இது கவனிக்கத்தக்கது. உரிமை ஏட்டிலே எழுதப்பட்டபோது, அதற்கு முதலில் உரியவராகப் போகிறவர்கள் வாயிலுக்கு வெளியே நின்றார்கள்.

போயர் உறைகளுள் மனத்தை மிக வருத்துவன, முகாமிலிருந்து முகாமுக்குச் சென்றவை. கணவன் தியத்தலாவைக் கம்பிக்குள்ளே இருந்தான். பிரித்தானியர் பண்ணை வீடுகளை எரித்து, பெண்டிரையும் பிள்ளைகளையும் தென்னாபிரிக்காவிலேயே தடுப்பு முகாம்களிலே அடைத்தபடியால் மனைவியும் கம்பிக்குள்ளே இருந்தாள். அம்முகாம்களிலே மாண்ட போயர்ப் பெண்டிரும் பிள்ளைகளும் ஏறத்தாழ 26,000 பேர். கறுப்பின மக்களுக்கென வேறு முகாம்கள் இருந்தன. அங்கே மாண்டவர்களின் கணக்கை எவரும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. தியத்தலாவையிலே எழுதிய கடிதத்தை இங்கே ஒருவர் படித்தார். கடல் கடந்தபின் அங்கே இன்னொருவர் படித்தார். கப்பல் ஓட்டமும் இரண்டு தணிக்கைகளும் சேர்ந்து வாரக் கணக்கிலே காலம் கொண்டன. இத்தகைய உறையைக் கையிலே எடுக்கும்போது, பெற வேண்டியவர் அது சேரும்வரை உயிரோடிருந்தாரா என்ற வினா எழாமற் போகாது. ஏலத்திலே விலை பேசுபவர்கள் அவ்வினாவைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

1902 மே 31ஆம் நாள் சமாதானம் கையெழுத்தாயிற்று. மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுத்தவர்கள் சிலரே. அவர்களுள் ஒருவரான எங்கல்பிரெச்ட் இலங்கையிலேயே தங்கி, யால வனத்தின் முதற் காவலரானார். அவரைப் பின்னும் ஒரு போர் தேடிவந்தது. 1914 செப்டெம்பர் 22ஆம் நாள் எம்டன் என்ற ஜேர்மன் போர்க்கப்பல் சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்தது. சூழ்ச்சிக்காரனை "சரியான எம்டன்" என்று நம்மவர் இன்றும் சொல்வது அதனாலேதான். அந்தக் கப்பலுக்கு யால கரையிலே இறைச்சி கொடுத்தார் என்ற பழியின் பேரில் எங்கல்பிரெச்டைச் சிறையிலடைத்தார்கள். பழி பொய்யென்று பின்னர் தெளிவாயிற்று. அவர் 1922இல் காலமானார்.

அந்த முதலாம் உலகப் போரிலே தியத்தலாவை மறுபடியும் முகாமாயிற்று. இம்முறை உள்ளே வந்தவர்கள் போர்வீரர் அல்லர். இலங்கையிலே வாணிபம் செய்துவந்த ஜேர்மானியரும், தொடந்துவைக்கு அண்மையிலுள்ள தீவுத் துறவுமடத்திலே வாழ்ந்த ஜேர்மன் பிக்குகளுமே. பிக்குகளின் தலைவர் ஞானதிலோக தேரர். 1915இல் அவர்கள் எல்லாரையும் அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆகவே அக்காலத்துத் தியத்தலாவைச் சிறைத் தபால் சில மாதங்களுக்கு மட்டுமே உரியது, அரிதாயிருப்பதும் அதனாலே. ஞானதிலோகர் பல நாடுகள் சுற்றி 1926இலே இலங்கைக்கு மீண்டார். 1939இல் போர் மூண்டதும் அவரை அதே தியத்தலாவைக்கு இரண்டாம் முறையும் கொண்டுபோனார்கள்.

இரண்டாம் முறை அவரோடு சென்றவர்களுள் அவருடைய சீடர் ஞானபோனிக தேரரும் ஒருவர். இவர் பிறப்பால் யூதர். கம்பளைக்கு அருகே குடிலமைத்து வாழ்ந்தவர். இட்லரின் கொடுமைக்குத் தப்பும்படி தம் தாயாரை 1939இலே இலங்கைக்கு வரவழைத்திருந்தார். தாயைக் காப்பாற்றிய மகனை, ஜேர்மன் நாட்டில் பிறந்தான் என்ற ஒரே காரணத்துக்காகப் பகைவன் என்று எழுதிக் கம்பிக்குள் வைத்தது சட்டம். தாயார் கொழும்பிலே ஏர்னஸ்ட் டி சில்வா அவர்களின் ஆதரவிலே தங்கினார். பின்னர் கைதிகளை இந்தியாவின் வடக்கே டேராடூன் முகாமுக்கு மாற்றினார்கள். தாய்க்கும் மகனுக்கும் இடையே இந்தியத் துணைக்கண்டத்தின் முழு நீளம் விழுந்தது. 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின் வழியே கைதிகளுக்குக் கடிதம் எழுதும் உரிமை இருந்தது. எழுதியதைப் பிறர் படிக்கும் நியதியும் கூடவே இருந்தது. ஞானபோனிகர் முகாமிலிருந்தபடியே பாளி நூல்களை மொழிபெயர்த்தார். 1946இல் விடுதலை பெற்று மீண்டார்.

அரசாங்கம் தன் சொந்தக் குடிகளின் கடிதங்களையும் அஞ்சிற்று. 1940 ஜனவரியிலே ஏவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்திலே வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். தோட்டங்களிலே கிளர்ச்சி பரவிற்று. அவ்வாண்டு ஜூன் மாதத்திலே சமசமாஜக் கட்சித் தலைவர்களான என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் எட்மன்ட் சமரக்கொடியும் காவலில் வைக்கப்பட்டனர். யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியது 1942 ஏப்ரல் 5ஆம் நாள். அதற்கு இரண்டு நாள்களின் பின், ஏப்ரல் 7ஆம் நாள் இரவு, அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பிச் சென்றார்கள்.

நேயர்களே, இதுவரை சொல்லியவை எல்லாம் சேகரிப்பாளர்களின் தொகுதிகளிலே இடம்பெறக் கூடியவை. இனிச் சொல்லப்போவது அத்தொகுதிகளிலே பெரும்பாலும் காணப்படாத ஒன்று. அதே காலத்திலே, அதே மலைகளிலே, இலட்சக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் வாழ்ந்தனர். அவர்களுக்கும் கடிதங்கள் வந்தன. அவர்களும் கடிதங்கள் அனுப்பினர். அவை எங்கே?

தோட்டத்துத் தபால் சென்ற வழியை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் தப்பால்காரர் ஒருவர் இருந்தார். அவர் பையைத் தோளிலே மாட்டிக்கொண்டு பல மைல் நடந்து அட்டனுக்கோ தலவாக்கொல்லைக்கோ சென்று, தபாற் கந்தோரிலிருந்து பையைப் பெற்று மலையேறுவார். பை சென்று சேர்வது தோட்டக் கந்தோருக்கு. துரையின் கடிதங்கள் முதலிலே பங்களாவுக்குப் போகும். எஞ்சியவை கணக்கப்பிள்ளையின் கைக்கோ கங்காணியின் கைக்கோ போய், பெரட்டுக் களத்திலே பெயர் சொல்லிக் கொடுக்கப்படும். எழுத்தறியாதவர் அதை எடுத்துக்கொண்டு படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிச் செல்வர். பதில் எழுதவும் அவரையே நாடுவர். ஆக, எழுதியவர் ஒருவர், படித்துச் சொன்னவர் ஒருவர், இடையிலே கையளித்தவர் ஒருவர் என்று, லயத்துக்கு வந்த கடிதம் எப்போதும் பலர் கண்ணிலே பட்டே வந்தது. போர்க்காலத் தணிக்கை துரைமாருக்குப் புதிய அவமானமாய் இருந்திருக்கலாம். தொழிலாளிக்கு அது மேலும் ஒரு சோடிக் கண், அவ்வளவே.

முகவரி என்பதே அம்மக்களுக்கு வேறு விதமாய் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, போயர்கள் தியத்தலாவைக்கு வந்த அதே காலப் பகுதியிலே, தமிழகத்திலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களிடம் தகர டிக்கட் ஒன்று கொடுக்கப்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. அந்தத் தகரத்தைப் பார்த்தே புகையிரதத்தில் ஏற்றி, உரிய நிலையத்திலே இறக்கினார்கள். கடிதத்துக்கு ஒட்டுவதை மனிதருக்குக் கட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது. இது ஒருபுறமிருக்க, ஒவ்வொரு தோட்டத்துக்கும் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயரொன்றும் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயரொன்றும் இருந்தன. இரண்டுக்கும் ஒலியிலோ பொருளிலோ பெரும்பாலும் உறவில்லை. ஊரிலிருந்து தமிழ்ப் பெயரிட்டு வந்த கடிதம் எந்தத் தோட்டத்துக்கு உரியது என்று கண்டுபிடிப்பதே தபாலதிபருக்கு ஒரு கலை.

1939 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடைசெய்தது. இலங்கை அரசாங்கம் தன் சேவையிலிருந்த இந்திய நாட்கூலிகளை நீக்க முற்பட்டதன் எதிரொலி அது. ஒரு மாதம் கழிந்ததும் போர் மூண்டது. திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் உற்றாரை விட்டுவந்தவர்களுக்கு, ஊருக்குப் போனால் மீண்டும் வர விடுவார்களோ என்ற ஐயம் பிறந்தது. அதுவரை கோயில் திருவிழாவுக்கும் சாவு வாழ்வுக்கும் நேரிலே போய்வந்தவர்கள், அதன்பின் ஒரு கார்டையே நம்பினார்கள். அக்கார்டு தலைமன்னாரிலே கப்பலேறித் தனுஷ்கோடியிலே இறங்கிற்று. 1914இலே திறந்த அந்த வழி, 1964 டிசம்பரிலே புயல் தனுஷ்கோடியை அழித்தபோது முடிந்தது.

மலாயாவிலே உறவினரை வைத்திருந்தவர்களின் நிலை இதனினும் கொடியது. 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அன்று முதல் அத்திசையிலிருந்து கடிதம் இல்லை. மலாயாவிலே உத்தியோகம் பார்த்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியிருந்தவர்களுக்குப் பென்சன் வருவதும் தடைப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரம் பேரை யப்பானியர் சயாம் பர்மா இரயில் பாதை போட இழுத்துச் சென்றனர். 1943 அக்டோபரிலே முடிவுற்ற அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீற்றர். அங்கே வேலைசெய்த வெள்ளைக்காரக் கைதிகளுக்கு, "நான் நலம்" என்ற பாங்கிலே அச்சிட்ட கார்டுகள் எப்போதாவது ஒருமுறை கொடுக்கப்பட்டன. அவை இன்று பெரும் விலை போகின்றன. பக்கத்திலே மண் சுமந்த தமிழ்த் தொழிலாளி எந்த உடன்படிக்கையின்படியும் போர்க் கைதி அல்லன். ஆகையால் அவனுக்குக் கார்டும் இல்லை. தணிக்கை செய்வதற்கு அவன் எழுதிய வரியும் இல்லை.

சிறைமுகாம் உறைகள் எஞ்சியதற்கும் தோட்டத்துக் கார்டுகள் மறைந்ததற்கும் காரணம் காண்பது கடினமன்று. போயர்க் கைதியின் கடிதத்தை அவன் குடும்பத்தார் வேதப் புத்தகத்துக்குள் வைத்துப் பேணினர். ஜேர்மன் வணிகருக்கும் மேசையும் பெட்டகமும் இருந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையிலே, அடுப்புப் புகையும் மலை மழையின் ஈரமும் சூழ்ந்திருக்க, ஒரு தாள் எத்தனை ஆண்டு நிலைக்கும்? படித்துக் கேட்டபின் சுருட்டிக் கூரை இடுக்கிலே செருகிய கார்டு, அடுத்த தலைமுறை வருவதற்குள் அழிந்தது. சேகரிப்பாளரும் அதைத் தேடவில்லை. விலைப் பட்டியலிலே இல்லாத பொருளைத் தேடும் வழக்கம் அவர்களுக்குப் பொதுவாகக் குறைவு. 1930களிலே இலங்கை வெளியிட்ட முத்திரைகளிலே கொழுந்து கொய்யும் பெண்ணின் படமும் ஒன்று. அப்படம் எத்தனையோ தொகுதிகளிலே பளபளப்பாய் இருக்கின்றது. அவள் பெயரை முகவரியிலே தாங்கிய உறையைத் தேடிப் பாருங்கள், எளிதிலே அகப்படாது.

அரியது என்ற காரணத்தாலே போலிகளும் பெருகியிருப்பதை இத்துறையில் புகுவோர் அறிந்திருத்தல் நலம். இறப்பர் முத்திரையைப் போலியாய்ச் செய்வது எளிது. ஆனால் காலத்தைப் போலியாய்ச் செய்வது எளிதன்று. போயர்கள் 1900 ஆகஸ்டிலேதான் வந்தனர். சமாதானத்தின் பின் கலைந்தனர். முன்னதற்கு முந்திய நாளிட்ட கைதி உறையும், முகாம் காலியானபின் நாளிட்ட உறையும் ஐயத்துக்குரியவை. ஜேர்மானியர் 1915இலே அவுஸ்திரேலியாவுக்குப் போனபின்னர் தியத்தலாவையிலிருந்து எழுதியதாக வரும் சிறைக் கடிதமும் அவ்வாறே.

மலைநாட்டிலோ தமிழகத்திலோ உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியின் அடியிலே, காணி உறுதிகளோடும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களோடும் 1939க்கும் 1945க்கும் இடைப்பட்ட கார்டோ உறையோ கிடைக்குமாயின், முத்திரையைப் பிரிக்காதீர்கள். ஓரத்திலே தாள்நாடா ஒட்டியிருந்தால் அதை அழுக்கென்று உரிக்காதீர்கள். கார்டின் மீது எதையும் எழுதாமல், யார் யாருக்கு எழுதியது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன், ஊரிலே எந்தக் கிராமம் என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு வேறு தாளிலே எழுதி உடன் வையுங்கள். தோட்டத்தின் தமிழ்ப் பெயரை அவர்கள் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.